புகைக்குக் கணக்குண்டு, பிள்ளைக்கு இல்லை

கொழும்பில் கிராண்ட்பாஸ் பக்கம் ட்ராம் வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இயற்றப்பட்ட 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே, எத்தனையோ திருத்தங்களைத் தன்மேல் சுமந்துகொண்டு, இன்றைக்கும் நம்முடைய ஓட்டோக்களை ஆண்டுகொண்டிருக்கிறது. 1977 க்குப் பிறகு திறந்துவிடப்பட்ட சந்தையின் வழியே இந்தியாவிலிருந்து வந்து இறங்கப் போகும் ஒரு மூன்று சக்கர வாகனம், இரண்டு தலைமுறைக்குள் ஏறக்குறைய இருபது பேருக்கு ஒன்று என்ற விகிதத்தில் நாட்டை நிரப்பிவிடும் என்று அச்சட்டத்தை எழுதியவர்கள் சொப்பனத்திலும் கருதியிருக்க மாட்டார்கள். பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்ட முச்சக்கர வண்டிகள் இதுகாறும் பதிவாகியிருக்கின்றன. அவற்றுள் எத்தனை உயிரோடு ஓடுகின்றன, எத்தனை துருப்பிடித்துத் தோட்டத்து மூலையில் கோழிக்கூடாகிவிட்டன என்பது வேறு விஷயம், ஏனெனில் அந்த ஏடு பிறப்பை எழுதும் அளவுக்கு இறப்பை எழுதுவதில்லை.

ஓட்டோக்களை ஒழுங்குபடுத்துவது பற்றி எழுதுங்கள் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, கட்டண மீட்டரைப் பற்றியும் சாரதிமாருடைய நாவன்மையைப் பற்றியும் எழுதுவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அவை சுவையான சங்கதிகளே. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடசாலை விடுகிற வேளையில் தெருவோரம் நின்று பார்த்த எவருக்கும், மீட்டரைப் பற்றி எழுதுவதற்குக் கை வராது.

முதலில் அரசாங்கத்துக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். இந்த வாகனத்தைப் பற்றி அரசுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று சொல்லுமளவுக்கு அது ஓட்டோவை எண்ணியும் அளந்தும் வைத்திருக்கிறது. நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிறக்கும் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் இருக்கின்றன. கார்களுக்கு ஓர் எழுத்து, மோட்டார் சைக்கிள்களுக்கு ஓர் எழுத்து, ஓட்டோக்களுக்கு வேறோர் எழுத்து என்று இலக்கத் தகட்டிலேயே ஜாதி பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. (தகட்டிலுள்ள சிங்கள ‘ஸ்ரீ’ போன்ற ஓர் எழுத்து ஒரு தேசத்தை என்ன பாடு படுத்தும் என்பதை 1957 ஐயும் 58 ஐயும் கண்ட குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) வருஷந்தோறும் காப்புறுதிப் பத்திரத்தையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காட்டி வருமான அனுமதிப்பத்திரம் எடுத்தாக வேண்டும். எண்ணெய் கலந்த பெற்றோலைக் குடித்து நீலப் புகை கக்கிய இரண்டு வீச்சு எஞ்சின் ஓட்டோக்களின் இறக்குமதி 2008 இல் நிறுத்தப்பட்டது. கொழும்பின் காற்று அதனால் ஓரளவேனும் சுவாசிக்கத்தக்கதாயிற்று என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாட்டில் ஓட்டோக்கள் மிகுந்துவிட்டன என்று கருதிய மத்திய வங்கி, 2017 ஜனவரியில், வண்டியின் பெறுமதியில் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் லீசிங் கடன் கொடுக்கலாகாது என்று நிபந்தனை விதித்தது. 2022 ஆம் ஆண்டின் பெற்றோல் பஞ்சத்தில், கைபேசியில் ஒரு QR குறியீட்டைக் காட்டினால் வாரத்துக்கு ஐந்து லீட்டர் என்று ஒவ்வோர் ஓட்டோவுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் சாமர்த்தியமும் சில வாரங்களுக்குள் கைகூடியது. அதிவேக நெடுஞ்சாலையில் ஓட்டோ ஏறலாகாது. மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடலாகாது. மூன்று பிரயாணிகளுக்கு மேல் ஏற்றலாகாது.

இத்தனையும் வாஸ்தவம். ஆனால் இந்த எண்ணிக்கைகளின் நோக்கத்தைச் சிறிது நிதானித்து ஆராய்வோமானால், பதிவு வரிக்காகவும், கடன் வரம்பு அந்நியச் செலாவணிக்காகவும், பரிசோதனை புகைக்காகவும், பங்கீடு எரிபொருளுக்காகவும் செய்யப்பட்டவை என்பதும், வண்டியின் பின்னாசனத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதப் பிராணனுக்காக என்று செய்யப்பட்ட விதி, மூவருக்கு மேல் ஏற்றாதே என்ற ஒன்றும் வேகத்துக்கு இட்ட எல்லை ஒன்றுமே என்பதும் புலப்படும். அவ்விரண்டுமே, நான் அறிந்தவரையில், கொழும்பு நகரில் அதிகமாக மீறப்படும் விதிகள். புகைப் பரிசோதனைக்குப் போகும் ஓட்டோவின் குழாயில் கருவியைச் செருகிப் புகையை அளக்கிறார்கள். ஹூட்டைத் தாங்கும் கம்பி தாங்குமா, பக்கவாட்டுத் தடுப்பு ஆடுகிறதா என்று அந்தப் பரிசோதனையில் எவரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் வாகனத்தின் சரீர அமைப்பைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னே ஒரு சில்லும் பின்னே இரண்டு சில்லுகளும் உடைய வண்டி தரையில் ஒரு முக்கோணத்தின்மேல் நிற்கிறது. பாரம் பின் அச்சுக்கு அருகே, முக்கோணத்தின் அகன்ற பகுதியில் இருக்கும்வரை அபாயம் குறைவு. ஆனால் வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னோக்கி, அதாவது முக்கோணம் ஒடுங்கிச் செல்லும் திசையில் தள்ளப்படுகிறது. அப்போது வண்டி ஒருபக்கமாகச் சாய்வதற்கு அதிகம் வேண்டியதில்லை. பின்னாசனத்தில் மூவருக்கு மேல் அடைத்து, இடம் போதாமல் இரு பிள்ளைகளைச் சாரதியின் ஆசனத்திலேயே இடமும் வலமுமாக ஒட்ட வைத்து ஓட்டுகிறவர், தாம் சட்டத்தை மட்டும் மீறுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். அவர் அறியாமலே முக்கோணத்தின் கூர்மையான முனைக்குப் பாரத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

மூன்று சில்லு என்ற அமைப்பின் குணதோஷங்கள் கடல் கடந்த நாடுகளில் ஆராயப்படாத விஷயமல்ல. அமெரிக்காவில் மணற்குன்றுகளிலும் பண்ணைகளிலும் காட்டுப் பாதைகளிலும் ஓட்டுவதற்கென்று, எந்நிலத்திலும் செல்லும் திறந்த மூன்று சில்லு வாகனங்கள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஏராளமாக விற்பனையாயின. அவை கவிழ்ந்து மாண்டோரிலும் அங்கவீனமுற்றோரிலும் சிறுவர் மிகுதியாக இருந்தமையால், 1988 இல், மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழுவும் உற்பத்தியாளர்களும் நீதிமன்றத்தின் மூலம் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, புதிய மூன்று சில்லு வண்டிகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. வளர்ந்தோருக்கான பெரிய வண்டிகளை 16 வயதுக்குட்பட்டோரின் உபயோகத்துக்கென்று விற்பதில்லை என்றும் உற்பத்தியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2008 இல் நிறைவேறிய சட்டம் புதிய மூன்று சில்லு வண்டிகளின் இறக்குமதியையும் தடுத்துவிட்டது. குன்றில் துள்ளும் அந்த வாகனமும் ராமகிருஷ்ண வீதியில் ஊர்ந்து போகும் நம் ஓட்டோவும் ஒன்றே என்று நான் வாதிக்கவில்லை. ஒரு நாட்டின் ஒழுங்குவிதியைத் திருப்பிப்போட்டது அங்கே பிள்ளைகளின் கணக்கு என்பதே நான் சொல்ல வந்தது. நம்மிடம் அந்தக் கணக்கு எடுக்கப்படுவதாகத் தெரியவில்லை.

பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலைகள் விடும். பம்பலப்பிட்டியிலிருந்து தெகிவளைப் பாலம் வரைக்கும் காலி வீதியில் பஸ்களும் கார்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறையாக நிற்க, அவற்றின் இடுக்குகளில் ஓட்டோக்கள் புகுந்து கடற்கரை வீதிப் பக்கம் இறங்கும். கொட்டாஞ்சேனையில் இன்னும் நெருக்கம். ஜம்பட்டா வீதியிலும் விவேகானந்த மேட்டிலும் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த வேளையில் எண்ணிப் பாருங்கள்: மூவர் இருக்க வேண்டிய ஆசனத்தில் ஐவர், அவர்கள் மடிமேல் இருவர், பின்னால் பொதிகள் வைக்கும் இடத்தில் புத்தகப் பைகளின் மேல் ஒருவன், சாரதியின் இடப்பக்கத்தில் ஒரு கால் வெளியே தொங்க ஒரு பெரிய பையன். வலப்பக்கத்தைக் கம்பி வைத்து அடைத்திருப்பார்கள். ஏறி இறங்கும் இடப்பக்கம் திறந்தே கிடக்கும். அங்கே உட்காரும் பிள்ளை பெரும்பாலும் கடைசியாக ஏறியவளாதலால், கூட்டத்திலேயே சிறியவளாகவும் இருப்பாள்.

காரின் முன்னாசனத்தில் இருப்பவர் பட்டி கட்ட வேண்டுமென்று 2011 இல் விதித்தோம். மோட்டார் சைக்கிளில் பின்னே இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். பாடசாலை வான்களுக்கு மேல் மாகாணத்தில் அனுமதிப்பத்திர ஏற்பாடு இருக்கிறது. ஓட்டோவில் போகும் பிள்ளைக்குப் பட்டியுமில்லை, கவசமுமில்லை, கதவுமில்லை.

வெள்ளவத்தைத் தரிப்பிடம் ஒன்றில் பல வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒரு சாரதியிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், அவர் சிரித்தார். "ஐயா, மூணு பிள்ளையை மட்டும் ஏத்தினா பெற்றோல் காசுக்கே காணாது. ஏழு பேரை ஏத்தினாத்தான் தாய்மார் குடுக்கிற மாசக் காசு கட்டும். மூணு பேர்தான் எண்டு சொல்லி காசைக் கூட்டிக் கேட்டா, அடுத்த நாள் வேற ஓட்டோவில அனுப்பிடுவாங்க." அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தாய்மாரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, இருவரும் வேலைக்குப் போய், பிள்ளையை நல்ல பாடசாலையில் சேர்ப்பதற்காகவே யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ கொழும்புக்கு வந்த குடும்பங்கள் அவை. ஆனாலும் ஏழு பேரில் ஒருத்தி தன் மகள் என்று அறிந்தும் ஆறாவது, ஏழாவது பிள்ளையைப் பற்றிக் கேளாதிருக்கும் மௌனம் என்னை வருத்துகிறது.

அரசாங்கம் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அது திரும்பும்போதெல்லாம் கண் வேறொன்றில் விழுந்துவிடுகிறது. ஒரு காலத்தில், இளைஞர்கள் தொழில் கற்காமல் ஓட்டோ ஓட்டப் போய்விடுகிறார்கள் என்ற கவலையினால், சாரதிக்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற யோசனை பலமாக விவாதிக்கப்பட்டது. ஆசனத்தில் எத்தனை பிள்ளை என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. 2025 ஜனவரியில், வாகனங்களில் பொருத்தப்பட்ட அபாயகரமான அலங்காரங்களை அகற்றும் நடவடிக்கை ஆரம்பமாயிற்று. பஞ்சிகாவத்தைக் கடைகளில் வாங்கிப் பூட்டிய மின்னும் விளக்குகளும் கொம்புகளும் கம்பிகளும் தெருவோரத்தில் கழற்றப்பட்டன, சாரதிகள் ஆட்சேபித்தார்கள், அவகாசம் கொடுக்கப்பட்டது. முன் கண்ணாடியை மறைக்கும் பதாகையும், எதிரே வருவோரின் கண்ணைக் குத்தும் விளக்கும் போகத்தான் வேண்டும். ஆனால் பின்னாசனத்துப் பிள்ளை விழாதிருக்கட்டும் என்று ஒருவர் தம் சொந்தச் செலவில் இடப்பக்கத்தில் வைத்த குறுக்குக் கம்பி பாதுகாப்புக்கு உதவுவதா, அபாயம் தருவதா என்று நடுத்தெருவில் நின்று தீர்மானிக்கும் பொறுப்பைப் பொலிஸ்காரரின் தலையில் சுமத்துவது அவருக்கும் நியாயமல்ல. அளவும் தரமும் விதித்து எழுதப்பட்ட ஒரு பிரமாணம் அதற்கு வேண்டும்.

ஓட்டோ மெதுவாகப் போகும் வாகனம், ஏழைகளின் ஜீவனோபாயம், அதன்மேல் மேலும் மேலும் விதிகளைச் சுமத்தினால் பாதிக்கப்படுவது சாரதியின் அடுப்பு என்று தொழிற்சங்கத்தார் சொல்வதுண்டு. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது.

இன்னொரு தயக்கம் நம்மவருக்கே உரியது. யுத்த காலத்தில் வீட்டிலுள்ளோரின் பெயரையும் ஊரையும் வந்த காரணத்தையும் படிவத்தில் எழுதிப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த ஒரு தலைமுறை இந்த வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் வசிக்கிறது. பிள்ளைகளை ஏற்றும் ஓட்டோக்களைப் பதிய வேண்டும், பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் இருக்க வேண்டும் என்றால், அவர்களுள் பலர் முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை. ஆகையினாலேதான் அந்தப் பட்டியல் பாடசாலையிலேயே இருக்கட்டும் என்கிறேன். எந்தப் பிள்ளை எந்த இலக்க ஓட்டோவில் போகிறாள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்க வாசற் காவலாளி ஒருவரே போதும். அதற்கு வர்த்தமானி வேண்டியதில்லை.

வர்த்தமானியில் வர வேண்டியவை வேறு. பாடசாலைச் சேவையில் ஈடுபடும் ஓட்டோவுக்கும் வானுக்கு இருப்பது போல் ஒரு தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். புகையைச் சோதிக்கும் அதே நாளில் இடப்பக்கத் தடுப்பும் ஹூட்டும் பிரேக்கும் சோதிக்கப்பட வேண்டும். சாரதியின் ஆசனத்தில் சாரதியைத் தவிர எவரும் உட்காரலாகாது என்பது தண்டத்தோடு அமுலாக வேண்டும். விதியின்படி மூவரை மட்டும் ஏற்றும் சாரதிக்கு வருமான அனுமதிப்பத்திரக் கட்டணத்தில் சலுகை கொடுத்தால், திறைசேரி அதனால் நொடித்துப் போகாது.

இவையெல்லாம் எப்போது நடக்குமோ. அதுவரையில் இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன்: நாளைக் காலையில் உங்கள் வாசலில் வந்து நிற்கும் ஓட்டோவில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் இருந்தால், உங்கள் பிள்ளையை அதில் ஏற்றாதீர்கள், அந்த மூன்று வீட்டாரோடும் பேசி, மாதக் காசை நால்வராகப் பங்கிட்டு, இரண்டு தடவையாக வந்து போகச் சொல்லிச் சாரதியிடம் கேளுங்கள்.