கிராம சபையும் ஒரு வகுப்பறைதான்

கல்லூரியில் படித்த பலருக்கும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நினைவிருக்கும். ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்குவார்கள். சீமைக் கருவேலம் வெட்டுவார்கள், மரக்கன்று நடுவார்கள், கடைசி நாள் கலைநிகழ்ச்சி நடத்துவார்கள். காந்தி நூற்றாண்டான 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. உடலுழைப்பின் அருமையை அது புரியவைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் கடைசித் தெருவுக்கு ஏன் ஏறவில்லை, குழாய் எங்கே போடுவது என்று முடிவு செய்தது யார் என்றெல்லாம் கேட்க முகாமில் பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை. குடியுரிமையைக் கற்பிப்பது என்றால் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிராமத்தைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்த முன்னோடி, திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் ஊன்றிய விதை 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனமாகி, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே கிராமத்தில் தங்கிப் படிப்பதும் படிப்பின் ஒரு பகுதி.

இப்படிப் போகும் மாணவர்கள் கற்கும் ஒரு முறையைப் பார்ப்போம். தெருவில் எல்லோரையும் உட்காரவைத்து, கோலப்பொடியால் தங்கள் ஊரைத் தரையில் வரையச் சொல்வார்கள். ஆண்கள் பெரும்பாலும் பேருந்து நிறுத்தத்தையும் டீக்கடையையும் முதலில் குறிப்பார்கள். பெண்கள் கையில் பொடி போனால் குழாயடியும், இருட்டிய பிறகு நடக்க அஞ்சும் பாதையும் வரும். ஊர்க் கோடியில் இருப்பவர்களின் வீடுகள் விட்டுப்போனால், அவர்களே எழுந்து வந்து வரைந்து சேர்ப்பதும் உண்டு. யாருக்கு எது தெரிகிறது, யார் பேச்சு எடுபடுகிறது என்பதை எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாக அந்தத் தரை காட்டிவிடும்.

உலகக் குடியுரிமையும் இதே ஊர்களில்தான் கிடக்கிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு, நிலத்தடி நீரைக் கெடுத்தது. அந்தத் தொழிலின் சரக்கு ஐரோப்பியக் கடைகளில் காலணியாகவும் கைப்பையாகவும் விற்கிறது. தோலைக் கெடாமல் காக்கப் பயன்பட்ட ஒரு ரசாயனத்துக்கு ஜெர்மனி தடை போட்டதும் தமிழ்நாட்டு ஆலைகள் செய்முறையை மாற்றிக்கொண்டன. வாங்குகிறவர் உடம்பைக் காக்க அங்கே சட்டம் இருந்தது. இங்கே கிணற்றைக் காக்க மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது, 1996-ல்தான் தீர்ப்பு வந்தது. வேதியியல் மாணவர் ஒருவர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து கிணற்று நீரைப் பரிசோதித்தால், இந்த முழுச் சங்கிலியும் அவருக்குப் புரியும்.

ஒரு நிபந்தனை உண்டு. பரிசோதனை முடிவு ஆய்வேட்டுக்குள் அடங்கிவிடாமல், தமிழில் எழுதி அந்த ஊர் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். தகவலை அள்ளிக்கொண்டு போய்த் திரும்பிப் பார்க்காத கல்லூரிகளைக் கிராமங்கள் நிறையப் பார்த்துவிட்டன. கல்லூரிகளின் தர மதிப்பீட்டில் சமூகப் பணிக்கும் மதிப்பெண் இருப்பதால், படம் எடுப்பதோடு முடிந்துபோகும் முகாம்களுக்கும் குறைவில்லை. எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதில் ஊருக்கும் பங்கு இருந்தால்தான் அது கூட்டுமுயற்சி.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள 18 வயது மாணவர், சட்டப்படி அந்தச் சபையின் உறுப்பினர். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால்தான் குறைவெண் வரம்பு நிறையும். ஆள் சேராமல் வீடுவீடாகக் கையெழுத்து வாங்கும் ஊர்களும் இருக்கின்றன. வேறொரு ஊரில் முகாம் போடும் முன், ஒவ்வொரு மாணவரும் சொந்த ஊர்ச் சபையில் உட்கார்ந்து, வரவு செலவுக் கணக்கைக் கேட்டு, தீர்மானத்தின் நகலை வாங்கிவந்து வகுப்பில் வைக்கட்டும். அதற்கு மதிப்பெண் கொடுக்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பெரிய செலவில்லை.