கணினிக்குள் ஒரு தீவு

அந்தமானின் தலைநகரம் 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிற்று. இன்று அது ஸ்ரீ விஜயபுரம். அந்நகரை ஒட்டிய கடலில் சாத்தம் என்னும் சிறு தீவு உள்ளது. 1883ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரசினர் மரம் அறுக்கும் ஆலையால் பெயர்பெற்ற இடம் இது. நகருக்கும் இதற்கும் இடையே ஒரு குறுகிய பாலம் உண்டு. தரைவழியே செல்வோர் யாவரும் அதைக் கடந்தே ஆகவேண்டும். நகரமோ தானே ஒரு பெரிய தீவில் அமைந்தது. மடிக்கணினிக்குள் இயங்கும் மெய்நிகர் கணினியின் நிலையும் ஏறத்தாழ இத்தகையதே.

மெய்நிகர் கணினி என்பது தனிப் பெட்டியன்று. ஒரு கணினியினுள் மென்பொருளின் துணையால் உருவாக்கப்பட்டு, தனக்கெனச் செயலி, நினைவகம், வட்டு ஆகியவை உடையதுபோல் நடந்துகொள்ளும் மற்றொரு கணினியே அது. கருத்து புதியதன்று. 1960களிலேயே ஐபிஎம் நிறுவனத்தார் ஒரே பெருங்கணினியைப் பலர் தத்தமக்கு உரியதெனக் கருதிப் பயன்படுத்த வகைசெய்தனர். விண்டோஸ் இயங்கும் மடிக்கணினியில் லினக்ஸைப் பழக விரும்பும் மாணவர் இன்று கைக்கொள்வதும் இம்முறையே. நினைவகத்தையும் வட்டையும் பகிர்ந்தளிப்பதில் பெரும்பாலும் தொல்லை எழுவதில்லை. வலைத் தொடர்பில்தான் எழுகிறது.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னை–அந்தமான் கடலடிக் கம்பிவடம் தொடங்கி வைக்கப்பட்டது. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் வரும்வரை தீவுகள் செயற்கைக்கோள்களையே பெரிதும் நம்பியிருந்தன. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கோளுக்குச் சென்று திரும்பும் சமிக்ஞைக்குக் கால் விநாடி வேண்டும். கண்ணாடி இழையின் வழியே சென்னையிலிருந்து வரும் ஒளிக்கோ ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட வேண்டுவதில்லை. இத்தகைய இடத்தில் தொடர்பு அற்றவுடன் கடலை நோக்கிப் பழி சொல்வது இயல்பே. ஆயினும் மடிக்கணினியில் ஒரு வலைப்பக்கம் திறந்துகொள்ள, அதே வேளையில் அதனுள் இருக்கும் மெய்நிகர் கணினியில் அது திறக்கவில்லையெனில், பழுது கடலில் இருக்க இயலாது. கடைசியிலுள்ள சிறு பாலத்தில்தான் அதைத் தேடவேண்டும்.

அப்பாலம் பொதுவாக மூவகைப்படும். முதலாவது ‘நாட்’ எனப்படும் முகவரி மாற்றம். மெய்நிகர் கணினி அனுப்பும் செய்தியின்மீது மடிக்கணினி தன் முகவரியை இட்டு வெளியே அனுப்பி, வரும் விடையை உரியதிடம் சேர்ப்பிக்கிறது. இரண்டாவது ‘பிரிட்ஜ்’, அதாவது பாலமுறை. இதில் மெய்நிகர் கணினி தனி முகவரியோடு ஏனைய கணினிகளுக்கு நிகராக வலையில் நிற்கிறது. மூன்றாவது முறையில் அது மடிக்கணினியோடு மட்டுமே பேசும், வெளியுலகை எட்டாது. அது பழுதன்று, அம்முறையின் இயல்பு.

பாலமுறையைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். பலருடைய பொழுது வீணாவது இங்கேதான். கம்பிவழி இணைப்பில் இம்முறை செவ்வனே இயங்குகிறது. கம்பியில்லா வலையாகிய வைஃபையிலோ, அணுகுகருவி தன்னிடம் பதிவு செய்துகொண்ட வன்பொருள் முகவரியிலிருந்து வரும் செய்திகளை மட்டுமே ஏற்கும். பதிவாகாத இரண்டாவது முகவரியோடு வருபவை புறக்கணிக்கப்படும். சில மென்பொருள்கள் மடிக்கணினியின் முகவரியையே இட்டு இதனைச் சமாளிக்கின்றன. எனினும் அது எங்கும் பலிப்பதில்லை. மெய்நிகர் கணினியின் அமைப்புகளில் பிழை ஏதுமின்றியே தொடர்பு கிட்டாமற் போவதற்கு இதுவே காரணம். அதனை அழித்து மீண்டும் நிறுவுவதால் பயனில்லை. நாட் முறைக்கு மாற்றுதல், அல்லது கம்பியை இணைத்தல், இவ்விரண்டில் ஒன்றே வழி.

சோதனை உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்லவேண்டும். முதலில் மெய்நிகர் கணினிக்கு ஐபி முகவரி கிடைத்துள்ளதா எனக் காண்க. முகவரி 169.254 எனத் தொடங்கின், முகவரி வழங்கும் சேவையிடமிருந்து விடை வரவில்லை என்பது பொருள். அடுத்து அண்மை வாயிலையும், பின்னர் 8.8.8.8 போன்ற வெளி எண் ஒன்றையும் ‘பிங்’ கட்டளையால் விளித்துப் பார்க்கலாம். எண் விடையளிக்கப் பெயர் மட்டும் திறவாதெனில், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் ஒன்றையே திருத்தினால் போதும். நாட் முறையில் ‘பிங்’ சிலபோது கடந்து செல்வதில்லையாகையால், அது ஒன்றை மட்டும் சான்றாகக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. அலுவலகத்தின் விபிஎன் இணைப்பும் மெய்நிகர் வலையும் ஒரே எண்வரிசையைப் பயன்படுத்தினால் செய்திகள் தவறான வழியிற் செல்லக்கூடும். அப்போது மெய்நிகர் வலையின் எண்வரிசையை மாற்றிவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் பாதுகாப்பான தளங்கள் மட்டும் திறக்க மறுப்பதுண்டு. மடிக்கணினியை மூடி உறங்கவைத்து மறுநாள் திறக்கும்போது, மெய்நிகர் கணினியின் கடிகாரம் முந்திய நாளிலேயே நின்றிருக்கலாம். அண்மையில் புதுப்பிக்கப்பட்ட சான்றிதழ், அக்கடிகாரத்தின்படி இன்னும் நடைமுறைக்கு வராத ஒன்றாகத் தோன்றும். ஆதலின் அது ஏற்கப்படாது. வலையைத் தொடவே வேண்டியதில்லை. கடிகாரத்தைத் திருத்தியவுடன் தளங்கள் திறந்துகொள்ளும்.