மாரடைப்பில் மணித்துளியின் மதிப்பு

நெஞ்சுவலி வந்தால், "வாயுத் தொல்லையாக இருக்கும்" என்று சோடாவோ சீரகத் தண்ணீரோ அருந்திவிட்டு, விடியும்வரை காத்திருப்பது நம் குடும்பங்களில் ஊறிப்போன வழக்கம். வந்திருப்பது மாரடைப்பாயின், அந்தக் காத்திருப்பே உயிருக்கு உலை வைத்துவிடும்.

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு ஆண்டுக்கணக்கில் படிகிறது. ஒரு நாள் அப்படிவு வெடிக்க, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அடைப்பு முழுமையானால், அக்குழாயை நம்பியிருக்கும் தசை அரைமணி நேர அளவிலேயே மடியத் தொடங்கும். மடிந்த தசை மீண்டும் உயிர் பெறுவதில்லை. ஆகவே, எவ்வளவு விரைவில் குழாய் திறக்கப்படுகிறதோ அவ்வளவு தசை பிழைக்கும்.

அடைப்பை நீக்கும் வழி

மார்பைப் பிளக்காமல் இருதயக் குழாயைத் திறக்கும் முறையை, 1977 செப்டம்பர் 16 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் முதன்முதலாகச் செய்து காட்டினார். மெல்லிய குழலை இரத்தக் குழாய் வழியே செலுத்தி, அதன் நுனியிலுள்ள சிறு பலூனை விரித்து அவர் அடைப்பை அகற்றினார். இதுவே ஆஞ்சியோபிளாஸ்டி. திறந்த குழாய் மீண்டும் சுருங்காதிருக்க, ஸ்டென்ட் எனும் கம்பிவலைக் குழலைப் பொருத்தும் முறை 1986இல் வந்தது. இன்று பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகவே இச்சிகிச்சை நடைபெறுகிறது.

இவ்வசதியுள்ள மருத்துவமனை தொலைவில் இருந்தால் என் செய்வது? இ.சி.ஜி. மூலம் நோயை அறிந்தபின், இரண்டு மணி நேரத்திற்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய இயலாதெனில், அருகிலுள்ள மருத்துவமனையிலேயே இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, பின்னர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவர்.

இம்முறையின் பயன் தமிழ்நாட்டிலேயே சோதித்து அறியப்பட்டது. 2012 முதல் 2014 வரை, நான்கு பெரிய மருத்துவமனைகளையும் அவற்றைச் சூழ்ந்த சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ் வசதியுடன் இணைத்து, 2,420 நோயாளிகளை ஆராய்ந்தனர். ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 17.6 பேர் இறந்தனர். பின்னர் அது 14.2 ஆகக் குறைந்தது. நூறு குடும்பங்களில் மூன்று குடும்பங்களுக்கு மேல் தம் அன்பரை இழக்காமல் காக்கப்பட்டன.

எல்லா அடைப்புக்கும் ஸ்டென்டா?

இங்கு ஒரு தெளிவு தேவை. திடீர் மாரடைப்பில் ஸ்டென்ட் உயிர் காக்கிறது. ஆனால் நடக்கும்போது மட்டும் வலித்து, ஓய்வில் தணிந்துவிடும் நாட்பட்ட நெஞ்சுவலியில், தக்க மருந்துகளுடன் ஒப்பிடுகையில் அது பெரும்பாலோரின் ஆயுளை நீட்டுவதில்லை என்று 2007இலும் 2020இலும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. வலியைக் குறைக்க அது உதவலாம். ஆதலால், அவசரமில்லாத நிலையில் கடன் வாங்கி விரையுமுன் மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை.

குடும்பத்தார் கடமை

நெஞ்சின் நடுவே அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன எச்சரிக்கைகள். பெண்கள், முதியோர், நீரிழிவு நோயாளிகள் ஆகியோருக்கு வலியின்றி, களைப்பும் குமட்டலும் மட்டுமே தோன்றலாம். உடனே 108ஐ அழையுங்கள். நோயாளியைப் படியேறவோ வண்டி ஓட்டவோ விடாதீர்கள்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின், இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. நிறுத்தினால் ஸ்டென்டினுள்ளேயே இரத்தம் உறையக்கூடும். புகையிலையை அறவே விடுதல் வேண்டும்.

வந்தது வாயுத் தொல்லைதான் என்று மருத்துவர் கூறிவிட்டால், இழந்தது ஓர் இரவுத் தூக்கம் மட்டுமே. அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.