ஹெட்லைட் மங்கினால் பொலிஷ் பண்ணுவதா, மாற்றுவதா?

ஹெவ்லொக் வீதியிலிருந்து பிரிந்து போகும் எந்த ஒழுங்கைக்குள்ளும் ஒரு தடவை நடந்து பாருங்கள். வளவுக்குள் இடமில்லாமல் மதிலோரம் நிறுத்தியிருக்கும் கார்களிலும் வான்களிலும் பலவற்றின் ஹெட்லைட், புரை விழுந்த கண்ணைப் போல மஞ்சள் பூத்திருக்கும். வெயில் அதிகம் படுகிற பக்கத்து விளக்கு மற்றதை விட மோசமாக இருப்பதையும் காணலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்து விடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த வாகனத்தையே வைத்துச் சமாளித்தோம். ஆகவே பத்துப் பதினைந்து வருடம் வெயில் குடித்த விளக்குகள் நமது வீதிகளில் நிறையவே ஓடுகின்றன.

இதை அழகு சம்பந்தப்பட்ட விடயமாகவே பலரும் நினைக்கின்றனர். சாமான் ஏற்றி இரவோடிரவாக காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் வான் அனுப்புகிற வியாபாரி அப்படி நினைக்க முடியாது. ஹபரணை தாண்டி வெலிக்கந்தை, புணானை வழியாகச் செல்லும் பாதையில் யானை நிற்கும். பின்விளக்கு இல்லாத சைக்கிளும் லேண்ட்மாஸ்டரும் போகும். அமெரிக்காவின் வாகனமோட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018ஆம் ஆண்டு அளந்து பார்த்து வெளியிட்ட முடிவின்படி, மங்கிப்போன ஹெட்லைட் தருவது புதிய விளக்கின் வெளிச்சத்தில் சுமார் 20 வீதம்தான். நூறு கிலோவுக்குக் காசு கட்டி இருபது கிலோ வாங்கி வருகிற வியாபாரம் இது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் சாரதிக்கு அது தெரிவதுமில்லை.

அந்தக் காலத்து மொரிஸ் மைனரின் விளக்குக் கண்ணாடி உண்மையான கண்ணாடி. கல் பட்டால் உடையும், ஆனால் மஞ்சளாகாது. அமெரிக்கா 1983இல் பிளாஸ்டிக் முகப்புள்ள விளக்குகளுக்கு அனுமதி கொடுத்த பின், பாரம் குறைவு, இலகுவில் உடையாது, விரும்பிய வடிவில் வார்க்கலாம் என்ற காரணங்களால் பொலிகாபனேற் என்ற பிளாஸ்டிக் உலகெங்கும் இடம்பிடித்தது. இந்தப் பிளாஸ்டிக்குக்குப் பகை வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். அதற்காகத்தான் கம்பனியில் மேலே ஒரு காப்புப் பூச்சுப் பூசி அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு வெயிலில் வெந்து உரிந்ததும் கீழேயுள்ள பிளாஸ்டிக் மஞ்சளாகிறது, மணலும் தூசும் பட்டுக் கீறலாகிறது. இந்தப் பூச்சை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொலிஷ் வேலையில் நடக்கிற ஏமாற்றெல்லாம் இதைச் சுற்றியே நடக்கிறது.

கராஜுக்குப் போகுமுன் குறை வெளியிலா உள்ளேயா என்று நீங்களே பார்க்கலாம். விளக்கின் மேல் நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகி, காய்ந்ததும் மறுபடி மங்கினால் குறை மேற்பரப்பில் இருக்கிறது. பொலிஷ் பண்ணினால் சரிவரும். ஈரத்திலும் மாற்றமில்லை என்றால் உட்பக்கத்தைச் சந்தேகியுங்கள். மழைக்குப் பின் உள்ளே இலேசாக ஆவி படிந்து, விளக்கைப் போட்டதும் மறைவது சாதாரணம். சொட்டாகத் தண்ணீர் தேங்கினால் சீல் போய்விட்டது. உள்ளேயிருக்கும் வெள்ளி நிறத் தகடு கருகியிருந்தால் வெளியில் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. எச்-4 விளக்குக்கு உரியது 60/55 வோட் பல்ப். வெளிச்சம் போதவில்லை என்று 100 வோட் பல்ப் போட்டவர்களுக்கே பெரும்பாலும் இந்தத் தகடு கருகுகிறது. ஹெலஜன் விளக்குக்குள் எல்.ஈ.டி. பல்பைத் திணிப்பதும் மருந்தல்ல. மங்கிய கண்ணாடியில் அந்த ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைத்தான் குத்தும்.

முறையாகச் செய்தால் பொலிஷ் வேலை நல்ல வேலைதான். சுற்றியுள்ள பெயின்டை டேப் ஒட்டி மறைத்து, 800 அல்லது 1000 நம்பர் வோட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, 1500, 2000, 3000 என்று மிருதுவாக்கிக்கொண்டே போய், காய்ந்த பின் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் காசுக்குரிய வேலை. தேய்க்கும்போது மிச்சமிருந்த கம்பனிப் பூச்சும் போய்விடுவதால், புதுப்பூச்சு இல்லாத விளக்கு முன்னரை விட வேகமாக மஞ்சளாகும். இரண்டு மூன்று மாதம் பளபளக்கும், பிறகு பழைய கதை. பற்பசையில் தேய்ப்பதும் இதே கதைதான். பெற்றோலும் தின்னரும் பிளாஸ்டிக்கையே வெடிக்க வைக்கும். இப்போது சில இடங்களில் சூடான ஒரு கோப்பையிலிருந்து ஆவி பிடித்து ஐந்து நிமிடத்தில் தெளிவாக்குகிறார்கள். அந்தத் திரவம் பெரும்பாலும் டைகுளோரோமீதேன் போன்ற கரைப்பான். பிளாஸ்டிக்கின் மேல்தோலை உருக்கி வழவழப்பாக்குவதுதான் அதன் வேலை. அதைச் சுவாசிக்கும் பையனின் உடம்புக்கு மிகவும் கேடானது.

பொலிஷ் பண்ணினால் எவ்வளவு வெளிச்சம் திரும்பி வரும்? அதே ஏ.ஏ.ஏ. கணக்கில் சுமார் 70 வீதம். வேறு கம்பனிகள் செய்யும் புது விளக்கு 83 முதல் 90 வீதம் தந்தது, ஆனால் ஒளியின் திசையில் அவற்றுக்குக் குறைகள் இருந்தன. வாகனக் கம்பனியின் அசல் விளக்கு முழு வெளிச்சம் தரும். கொழும்புக்குள் மட்டும் ஓடும் காருக்கு 70 போதும் என்பது என் அபிப்பிராயம். இரவில் தூரம் போகும் வானுக்கு மாற்றுவதே இலாபம்.

மாற்றுபவர் பஞ்சிகாவத்தைக்குத்தான் போவார். கொய்டோ, ஸ்டான்லி, இச்சிகோ ஆகியவை ஜப்பான் தயாரிப்புகள். டெப்போ, டீ.வை.சீ. தாய்வான். பாவித்த அசல் விளக்கு வாங்கினால் பொருத்தும் காதுகள் ஒட்டப்பட்டவையா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். ஜப்பானில் நம்மைப் போல வீதியின் இடப்பக்கமாகவே ஓட்டுகிறார்கள். துபாயில் வலப்பக்கம். அங்கிருந்து வந்த விளக்கின் ஒளி எதிரே வருபவரின் பக்கமே உயரும்.

பாவித்த வாகனம் விற்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்கும் கிழமையில் விளக்கைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பூச்சு அடிக்காமல் கைமாற்றிவிடுவது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நபியவர்கள் (ஸல்) அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று அந்த வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தை ஜும்ஆ குத்பாக்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! “பொலிஷ் மட்டும் பண்ணியிருக்கிறேன், பூச்சு அடிக்கவில்லை” என்று சொல்லி விற்றால் விலையில் சிறிது குறையலாம். வாங்கியவர் மூன்றாம் மாதம் உங்கள் கடை வாசலில் வந்து நிற்கமாட்டார்.

ஜப்பானில் 2024 ஆகஸ்ட் தொடக்கம் சில பிராந்தியங்களின் வாகனப் பரிசோதனையில் தாழ்த்திய வெளிச்சத்தை மட்டுமே வைத்து அளக்கத் தொடங்கினார்கள். விளக்கு மங்கினால் அங்கே பாஸாவது கஷ்டம். நமது கார்களுக்கு வருடா வருடம் நடப்பது புகைப் பரிசோதனை. அது புகையைத்தான் பார்க்கும்.

விளக்கைக் கழற்றுமுன் ஒரு வேலை இருக்கிறது. இரவில் சமதரையில் வாகனத்தை ஒரு சுவருக்கு நேரே நிறுத்தி, தாழ்த்திய ஒளியின் மேல்விளிம்பு எங்கே விழுகிறது என்று டேப் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தியபின் அதே இடத்தில் நிறுத்தி அந்த அடையாளத்துக்குச் சரிசெய்யலாம். நம் நாட்டுக்குரிய விளக்கின் விளிம்பு இடப்பக்கம் சற்று உயர்ந்து தெரியும். வானில் சாமான் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து விளக்கு மேலே பார்க்கும். அதற்காகவே பல வாகனங்களில் டாஷ்போர்டில் 0 முதல் எண் போட்ட ஒரு சிறிய சில்லு இருக்கிறது. பாரம் ஏற்றிய நாளில் அதைத் திருப்பிவிடும்படி சாரதிக்குக் காட்டிக்கொடுங்கள்.