அட்டை ஓர் ஊரில், வெள்ளம் ஓர் ஊரில்

தெற்கே எங்கு வெள்ளம் வந்தாலும் மதுரையில் அரிசி மூட்டையும் பிஸ்கட்டும் பழைய துணியும் வேன் ஏறத் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாளுக்கு இது அவசியம்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய சுமார் 800 பேருக்குச் சோறுதான் வேண்டியிருந்தது. சட்டைப்பையில் பணம் இருந்தும் பயனில்லை. கடைகள் திறந்துவிட்டால் நிலைமை தலைகீழ். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வந்திறங்கிய பழந்துணிகள் சீந்துவாரின்றித் தெருவோரம் குவிந்தன. அதை அள்ளுவது தனி வேலையானது. மதுரைச் செல்லூரில் தறிக்குழிக்குள் தண்ணீர் புகுந்தால் நெசவாளிக்குத் தேவை நூலும் பாவும். அதை எந்த வேனும் கொண்டுவராது. ஆகவே தூத்துக்குடியிலும் நெல்லையிலும் கடுமையாகப் பாதித்த பகுதிகளில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் என்று ரேஷன் கடை வழியே அரசு ரொக்கமாகக் கொடுத்தது சரியான முடிவு.

பணமாகக் கொடுத்தால் டாஸ்மாக்குக்குத்தான் போகும் என்பார்கள். ஏழையின் கையை நம்பாத இந்தப் புத்தி பழசு. 1877 பஞ்சத்தில், மதுரைச் சீமையும் காய்ந்து கிடந்த நேரம், வைஸ்ராய் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்தார். உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். சந்தேகத்துக்கு விலை கொடுத்தது கூலிக்காரன். இன்று ரேஷன் வரிசையில் டோக்கனோடு நிற்பது பெரும்பாலும் பெண்கள். அடகு நகையையும் பிள்ளையின் புத்தகத்தையும் கணக்குப் போட அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ரொக்கத்தில் இருக்கும் உண்மையான ஓட்டை வேறு: அது அட்டையைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை. 2024 அக்டோபர் 25 மதியம் பெய்த மழையில் செல்லூர்க் கண்மாய் நிறைந்து, பந்தல்குடி வாய்க்கால் பொங்கி, முல்லை நகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இப்படிப்பட்ட தெருக்களில் ஒண்டுக்குடித்தனக்காரர் பலருக்கு அட்டை உசிலம்பட்டிப் பக்கமோ சிவகங்கைப் பக்கமோ இருக்கும். கரண்டு பில் வீட்டுக்காரர் பேரில் வரும். அட்டை இல்லாதவருக்குக் கொடுத்தால் போலிகள் நுழைவார்கள் என்ற பயம் நியாயமானதே. ஆனால், 2023 மிக்ஜாம் புயலின்போது சென்னையில் அட்டை இல்லாதவர்களிடமும் மனு வாங்கினார்கள். விசாரணைதான் கடினம்: தண்ணீர் வடிந்தபின் யார் எங்கே குடியிருந்தார் என்பதைக் காகிதத்தில் தேடினால் கிடைக்காது. அங்கன்வாடி ஊழியருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் அது தெரியும். வேனுக்கு டீசல் போடும் அறக்கட்டளைகள் அந்தச் செலவில் அவர்களோடு தெருத்தெருவாகப் போய், ஐப்பசி பிறக்குமுன் வாடகைக் குடித்தனங்களின் பட்டியலை எழுதி வார்டு அலுவலகத்தில் கொடுத்து வைக்கலாம்.