வானில் தொலையும் முகவரி

இணையத்தில் உலவும் ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று அவருடைய ஐ.பி. எண்ணை வைத்தே தோராயமாகச் சொல்லிவிடலாம். எந்த எண் எந்த வட்டாரத்துக்கு என்பதற்குப் பட்டியல்கள் உண்டு. சந்தேகம் வந்தால், தகவல் போய்வரும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கலாம். செயற்கைக்கோள் வழியாக இணைபவரிடம் இரண்டுமே சரியாகப் பலிப்பதில்லை.

பட்டியல் பெரும்பாலும் காட்டுவது தரைநிலையம் இருக்கும் இடத்தை. டிஷ் வைத்திருப்பவர் வேறு நாட்டில் இருக்கலாம். நேரத்தை அளந்தால்? புவிநிலைச் செயற்கைக்கோள் நிற்பது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில். கேள்வி போய்ப் பதில் வரவே அரை விநாடி ஆகிவிடும். டிஷ் கெய்ரோவில் இருக்கிறதா, கார்ட்டூமிலா என்ற வித்தியாசம் அதில் கரைந்துபோகும்.

இருந்தாலும், இருவழிச் செயற்கைக்கோள் இணைப்பில் சேவை நிறுவனத்துக்குத் தன் வாடிக்கையாளரைத் தெரியும். ஸ்டார்லிங்க் டிஷ்ஷுக்குள் ஜி.பி.எஸ்.ஸே இருக்கிறது. ஆனால் நிறுவனத்துக்கே தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் வழியை துர்லா என்ற உளவுக் கும்பல் கண்டுபிடித்திருந்தது. 2015இல் காஸ்பர்ஸ்கி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை அம்பலப்படுத்தினார்கள்.

அதற்குக் கைகொடுத்தது பழைய ஒருவழிச் செயற்கைக்கோள் சேவை. அதில் கோரிக்கை தொலைபேசி இணைப்பில் போகும். பதில் மட்டும் வானிலிருந்து, பெரும்பாலும் குறியாக்கம்கூட இல்லாமல், பல நாடுகள் மீது இறங்கும். ரேடியோவை யார் கேட்கிறார்கள் என்று நிலையத்துக்குத் தெரியாது அல்லவா, அதே கதைதான். துர்லா ஒரு டிஷ்ஷை வைத்து ஒட்டுக்கேட்டு, யாரோ ஓர் அப்பாவி வாடிக்கையாளரின் ஐ.பி. எண்ணைப் பொறுக்கிக்கொள்ளும். கும்பலின் வைரஸ் புகுந்த கணினிகள் திருடிய தகவலை அந்த எண்ணுக்கே அனுப்பும். அப்பாவியின் கணினி, கேட்காமல் வந்த சரக்கு என்று அதை உதறிவிடும். கும்பலின் டிஷ்ஷோ அள்ளிக்கொள்ளும். பதில் அனுப்ப வேண்டுமா? சாதாரண இணைப்பிலிருந்தே, அனுப்புநர் இடத்தில் அந்த அப்பாவியின் எண்ணைப் போட்டு அனுப்பிவிடும். தேடிப் போகிறவர் கடைசியில் தட்டுவது சம்பந்தமில்லாதவர் வீட்டுக் கதவை.

இந்த முறைக்கு ஆண்டுச் செலவு 1,000 டாலருக்குள்தான் என்றார்கள் அந்த ஆய்வாளர்கள். கும்பல் தேர்ந்தெடுத்தவை மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா மீது விழும் செயற்கைக்கோள் கற்றைகள். இணையப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதிகம் இருக்கும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அவை பெரும்பாலும் விழுவதில்லை. கெட்டிக்காரத்தனம்தான்.

2023 மே மாதம் அமெரிக்க நீதித்துறை, துர்லா ரஷ்ய உளவு அமைப்பான எஃப்.எஸ்.பி.யின் ஒரு பிரிவு என்றும், அதன் அதிகாரிகள் ரியாசான் நகரிலுள்ள அலுவலகத்திலிருந்து இயங்கினார்கள் என்றும் அறிவித்தது. அவர்களைக் காட்டிக்கொடுத்தது டிஷ் அல்ல. அவர்களுடைய ‘ஸ்நேக்’ என்ற உளவு மென்பொருளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த விசாரணை.