பதினான்காம் நாளில் ஒரு கோடு

வாழை மரத்தைக் குறுக்கே வெட்டிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். வெட்டிய இடத்தின் நடுவிலிருந்து குருத்து ஒன்று தலை நீட்டியிருக்கும். நம் உடலிலும் குருத்து நிலையில் உள்ள செல்கள் உண்டு. அவை இன்னும் தசையாகவோ தோலாகவோ நரம்பாகவோ ஆகாதவை. பிரிந்து பெருகித் தம்மைப் போன்ற செல்களையும் தரும். வேறு வகைச் செல்களாகவும் மாறும். நாளேடுகள் ஸ்டெம் செல் என்று எழுதுவது இவற்றைத்தான். தமிழில் குருத்தணு என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்கள் இரத்த அணுக்களை உண்டாக்குகின்றன. இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அவற்றைப் பிறரிடமிருந்து கொடையாகப் பெற்றுச் செலுத்துவது பல ஆண்டுகளாக நடந்துவரும் சிகிச்சை. அதைப் பற்றிப் பெரிய சர்ச்சை எதுவும் இல்லை. கொடுத்தவர் உடலில் அவை மீண்டும் ஊறிவிடும். ஆனால் அவை இரத்த அணுக்களைத்தான் தரும். எந்தச் செல்லாகவும் மாறவல்ல குருத்தணு வேண்டுமென்றால்? அதைத் தேடிப் போனவர்கள் கருவிடம் போய்ச் சேர்ந்தார்கள். வாதம் அங்கேதான் தொடங்கியது.

கருவுற்ற ஐந்தாம் நாளில் மனிதக் கரு ஒரு நுண்ணிய பந்து. இந்த வரியின் முடிவில் உள்ள புள்ளியைவிடச் சிறியது. பந்தின் வெளிச்சுவர் பின்னால் நஞ்சுக்கொடியின் பகுதியாகும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக் கிடக்கும் செல் திரளிலிருந்துதான் குழந்தையின் உடல் முழுவதும் உருவாகிறது. 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் இந்தத் திரளைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டினார். சோதனைக்குழாய் முறையில் குழந்தை பெற முயன்ற தம்பதியர், தங்களுக்குத் தேவைப்படாமல் எஞ்சிய கருக்களை மனமுவந்து கொடுத்திருந்தார்கள். இன்சுலின் சுரக்கும் செல்களை இழந்த நீரிழிவு நோயாளிக்கும், மூளையில் சில நரம்புச் செல்கள் அழிந்துவரும் பார்க்கின்சன் நோயாளிக்கும் மாற்றுச் செல்கள் கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால் திரளை எடுத்தால் கரு அழிந்துவிடும். அந்தக் கரு ஒரு மனிதரா?

கருவுற்ற கணத்திலிருந்தே ஆம் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. எஞ்சிய கருக்கள் எப்படியும் வீசப்படப் போகின்றனவே, அவற்றால் ஒரு நோயாளி பிழைக்கட்டுமே என்பார் மற்றவர். இது எளிதில் ஒதுக்கக்கூடிய வாதமன்று. ஆனால் எதிர்ப்பவர் திருப்பிக் கேட்பதையும் கேளுங்கள்: எப்படியும் சாகப் போகிறவர் என்பதற்காக ஒருவரை வெட்டிச் சோதிக்கலாமா? ஆக, இரு தரப்பும் மீண்டும் முதற் கேள்விக்கே வந்து நிற்கின்றன.

இந்தக் கேள்வி தாம்சனுக்கு முன்பே எழுந்ததுதான். 1978-இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது. அதன்பின் பிரிட்டிஷ் அரசு, தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. கருவை எத்தனை நாள் வரை ஆராயலாம்? 14 நாள் என்றது 1984-இல் வந்த அறிக்கை. எந்த ஆராய்ச்சியுமே கூடாது என்று குழுவில் மூவர் மறுப்பு எழுதினார்கள். 1990-இல் 14 நாள் வரம்பு அந்நாட்டில் சட்டமாயிற்று.

ஏன் 14? உங்கள் பள்ளியில் அச்சில் வார்த்தாற்போன்ற இரட்டையர் இருக்கிறார்களா? ஒரே கரு இரண்டாகப் பிரிந்ததால் பிறந்தவர்கள் அவர்கள். ஏறத்தாழ 14, 15 நாள் அளவில் கருவின் மேல் மெல்லிய கீற்று ஒன்று தோன்றும். தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்பதை அந்தக் கீற்றுதான் காட்டுகிறது. அதற்குப் பின் கரு பிரிந்து இரட்டையராவது மிக அரிது. ஒன்றா, இரண்டா என்றே முடிவாகாததை ஒரு தனி மனிதர் என்று எப்படிச் சொல்வது? நரம்பு மண்டலமும் அதுவரை தொடங்குவதில்லை. இன்னொரு காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: 14 என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று. ‘வலி உணரும் வரை’ என்று சட்டம் எழுதினால் வழக்கு முடியவே முடியாது.

எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. நாஜிகள் மனிதர்கள் மேல் நடத்திய கொடிய சோதனைகளை மறக்க முடியாத ஜெர்மனி, ஆராய்ச்சிக்காகக் கருவை அழிப்பதையே தடை செய்தது. ஆனால் வெளிநாட்டில் குறிப்பிட்ட தேதிக்கு முன் உண்டாக்கிய குருத்தணுக்களைத் தருவித்துக்கொள்ள 2002-இல் ஒரு சட்டத்தின் மூலம் அனுமதித்தது. நம் வீட்டில் கோழி அறுக்கக்கூடாது, கடையில் வாங்கிக் குழம்பு வைக்கலாம் என்பதுபோல் இல்லையா?

2006-இல் ஜப்பானியரான ஷின்யா யமனாகா ஒரு புது வழி கண்டார். வளர்ந்த எலியின் செல்லில் நான்கு ஜீன்களைப் புகுத்தி, அதைக் குருத்து நிலைக்கே திருப்பினார். மறு ஆண்டு மனிதச் செல்லிலும் இது நடந்தது. 2012-இல் நோபல் பரிசும் வந்தது. கருவைத் தொடவே வேண்டாம், வாதம் தீர்ந்தது என்று பலர் எண்ணினார்கள். நோயாளிக்கான செல்லைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கரு எப்படி வளர்கிறது, சில கர்ப்பங்கள் தொடக்கத்திலேயே ஏன் கலைகின்றன என்பவற்றைக் கருவில்தானே பார்க்க முடியும்?

பல ஆண்டுகள் 14 நாள் வரம்பைக் காப்பது சுலபமாக இருந்தது. கருவை அத்தனை நாள் வெளியில் வளர்க்க யாருக்கும் தெரியாது! 2016-இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரு ஆய்வுக்குழுக்கள் 12, 13 நாள் வரை வளர்த்தன. பின்னர் வரம்பை மதித்து நிறுத்திவிட்டன. 2021-இல் குருத்தணு ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம், 14 நாளைத் தாண்டுவதைத் தன் ‘கூடவே கூடாது’ பட்டியலிலிருந்து நீக்கிற்று. நம் நாட்டில் 2017-இல் வெளியான வழிகாட்டு நெறிகளோ, 14 நாள் அல்லது கீற்றுத் தோன்றுவது, இவற்றில் எது முந்தியதோ அத்துடன் நிறுத்தச் சொன்னவை.

2024-இல் பிரிட்டனின் கண்காணிப்பு ஆணையம் வரம்பை 28 நாளாக்கலாம் என்று கருத்துத் தெரிவித்தது. நான்கு வாரத்திற்குப் பிந்திய வளர்ச்சியைக் கருக்கலைப்பின்போது கிடைக்கும் திசுக்களைக் கொண்டு ஓரளவு அறியலாம். இடையிலுள்ள இரண்டு வாரங்கள்தாம் விஞ்ஞானிகளுக்கு இருட்டாக இருக்கின்றன. இதயம் துடிக்கத் தொடங்குவதும் அந்த இரண்டு வாரங்களுக்குள்தான்.